போர்டு வாங்கும் முன் டிரைவரைப் பாருங்கள்

கேம் புரோகிராமிங் பழக எந்த சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று வகுப்பில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இருவர் கையிலும் ஒரு பட்டியல். எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ், எத்தனை ஜிபி ராம்... கிராபிக்ஸ் டிரைவர் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதலில் வாங்கிய போர்டின் (பெயர் வேண்டாம், வம்பு எதற்கு!) பெட்டியில் போட்டிருந்ததைப் படித்தாலே நாக்கில் எச்சில் ஊறும். எட்டு கோர், விலையும் மலிவு. நிழல் விழும் ஒரு சின்ன முப்பரிமாண அறையை வரைய நிரல் எழுதி ஓட்டினேன். படம் நொண்டி நொண்டி நகர்ந்தது, போர்டு தோசைக்கல்லாய்ச் சுட்டது. கிராபிக்ஸ் விவரம் காட்டும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், ரெண்டரர் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தது. அதாவது ஜிபியு சும்மா உட்கார்ந்திருக்க, வரைகிற வேலை முழுவதையும் சிபியு இழுத்துக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் தந்த டிரைவர் ஒரு பழைய கெர்னலுக்கென்று கம்பைல் செய்த மூடிய பைனரி. நான் கெர்னலை அப்டேட் செய்தேன், டிரைவர் போச்சு. சோர்ஸ் இருந்தாலாவது திரும்ப கம்பைல் செய்து பார்க்கலாம்.

ராஸ்பெர்ரி பையும் ஆரம்பத்தில் யோக்கியமாக இல்லை. 2012 அக்டோபரில் கிராபிக்ஸ் கோடைத் திறந்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். பிரித்துப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். திறந்த பகுதி செய்திகளை உள்ளே கடத்தும் தபால்காரன் மட்டுமே. உண்மையான வேலை மூடிய ஃபர்ம்வேருக்குள் நடந்தது. 2014 பிப்ரவரியில் பிராட்காம் வீடியோகோர் 4-இன் ஆவணங்களை வெளியிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. அதே ஆண்டு எரிக் ஆன்ஹோல்ட் அங்கே சேர்ந்து மெசாவுக்கான திறந்த டிரைவரை எழுதத் தொடங்கினார். (பூட் ஃபர்ம்வேர் இன்னும் மூடியேதான் இருக்கிறது, அது தனிக் கதை.)

அதன் பலனைப் பாருங்கள். பை 4 விற்பனைக்கு வந்தது 2019 ஜூனில். அதற்கான திறந்த வல்கன் டிரைவர் தரச்சான்று பெற்றது 2020 நவம்பரில். வாங்கி ஒன்றரை வருடம் ஆன போர்டு, ஒரு திருகு கூட மாறாமல், புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொண்டது. மூடிய டிரைவரை நம்பினால் இதையெல்லாம் தயாரிப்பாளர் மனது வைத்தால்தான் உண்டு.

மாலி ஜிபியு உள்ள போர்டுகளுக்கும் விடிவு வந்திருக்கிறது. உள்ளமைப்பைத் துருவித் துருவிக் கண்டுபிடித்து எழுதிய லிமா, பான்ஃப்ராஸ்ட் இரண்டும் 2019-இல் லினக்ஸ் 5.2-இல் சேர்ந்தன. ஆனால் ஆர்கே3588 சிப் போர்டுகள் 2022-லேயே கடைக்கு வந்தும், அதற்கான பான்தார் டிரைவர் கெர்னலுக்குள் வந்தது 2024-இல், 6.10-இல்தான். அவசரப்பட்டு வாங்கியவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

திறந்த டிரைவர் இருந்தாலும் எந்தப் பதிப்பு வரை என்று பாருங்கள். பை 3-இன் ஜிபியு ஓபன்ஜிஎல் ஈஎஸ் 2.0-ஓடு நின்றுவிடும். கோடோ 3 அதில் சமாளிக்கும். கோடோ 4-க்குக் குறைந்தது ஈஎஸ் 3.0 வேண்டும். பை 4, பை 5 இரண்டிலும் 3.1 உண்டு, வல்கனும் உண்டு. எட்டு கோர் இல்லைதான், நாலுதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

என் எட்டு கோர் போர்டு இப்போது அறையில் பாட்டு சர்வராக ஓடுகிறது. யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன் :-)