முகவரியிலும் அயலெழுத்தா?

தமிழ்வளர்க்கவென மடலாடற்குழு தொடங்குகின்றனர். மடல் முழுதும் தமிழிலேயே எழுதுகின்றனர். குழுவின் முகவரியை மட்டும் உரோமன் எழுத்தில் பொறிக்கின்றனர். கேட்டால், கணிப்பொறி ஏற்காது என்பர். ஏற்காதது கணிப்பொறியா, இவர்தம் நெஞ்சமா?

அவ்வெழுத்தில் நம் சொல் படும் பாட்டைக் காண்மின். வழி, வலி, வளி எனப் பொருள் வேறுபட்ட முச்சொல்லும் அங்குக் குழம்பிக் கிடக்கும். ழகரத்திற்கென ஈரெழுத்தை ஒட்டுப்போட்டாலும் வலிக்கும் வளிக்கும் வேற்றுமை காட்ட வகையில்லை.

முன்பு இவர் கூற்றில் உண்மை இருந்தது. 1982-இல் வகுக்கப்பெற்ற மின்னஞ்சல் நெறிமுறை, அமெரிக்கக் குறிமுறையின் 128 இடங்களுக்குள்ளேயே முகவரியை அடைத்துவைத்தது. 2012-இல் அக்கட்டு அறுந்தது. ஆர்.எப்.சி. 6531 எனும் ஆவணம் முகவரியின் இருபுறத்தும் ஒருங்குறி எழுத்துகளை ஏற்றது. 2015-இல் போசுட்பிக்சு எனும் அஞ்சல் வழங்கி தன் 3.0 பதிப்பில் அந்நெறியைக் கைக்கொண்டது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றன் பெயராலும் தமிழெழுத்துக் களப்பெயர்கள் உள. இன்னும் என்ன தடை?

தடை எங்குளது என யான் கூறுவல். மெயில்மேன் எனும் குழுமடல் மென்பொருளின் இரண்டாம் பதிப்பிற்கு, வழங்கியின் மாற்றுப்பெயர்க் கோப்பில் பத்து வரிகள் எழுதல்வேண்டும். மடலிட ஒன்று, சேர்வார்க்கு இரண்டு, நீங்குவார்க்கு இரண்டு, உறுதிப்பாட்டிற்கும், சேராது மீளும் மடலுக்கும், வேண்டுகைக்கும், குழுவுடையார்க்கும், ஆள்வார்க்கும் ஒவ்வொன்று. எழுதியபின் பட்டியைப் புதுப்பிக்கும் கட்டளையும் இடவேண்டும். மறந்தால் வழங்கி பழையதையே படித்துக்கொண்டிருக்கும். இப்பத்துள் ஒன்றேனும் 'இணைக', 'விலகுக' என முடியலாகாதா? ஆகாதாம்! குழுப்பெயரில் அம்மென்பொருள் ஏற்பன உரோமன் சிற்றெழுத்தும் எண்ணும் சில குறிகளுமே. நம் 247 எழுத்துகளுள் ஒன்றற்கும் அங்கு இடமில்லை. ஆயின் அதன் மூலநிரல் பூட்டிவைத்த பேழையன்று, எவரும் திருத்தலாம். ஞாலமெங்கும் கணிப்பொறித் தொழில் புரியும் நம் இளைஞர், அயலார் நிறுவனத்திற்கு இரவுபகலாய் நிரலெழுதுவோர், இதனைத் திருத்த முன்வாராத கரணியம் யாது?

பழைய வழங்கிகள் தமிழ் முகவரியைக் கண்டால் மடலைத் திருப்பிவிடுமே என்பர். உண்மையே, மறுப்பாரில்லை. குழுமடலில் நேரும் இவ்விடரை 2012-இலேயே ஆர்.எப்.சி. 6783 ஆய்ந்துள்ளது. அதற்கன்றோ மாற்றுப்பெயர்! புதுநெறி அறியாதார்க்கென உரோமன் பெயரொன்றும் அருகே இருக்கட்டும். தமிழ்ப்பெயர் தலைப்பெயராக, அயற்பெயர் அதற்கு ஏவலாக நிற்கவேண்டும்; இன்று நடப்பதோ தலைகீழ். தமிழ்ப்பெயரை மடலின் அடியில் கையொப்பமாக இட்டுவிட்டு அமைதி கொள்கின்றனர் நம்மவர்.

தமிழெழுத்துக் களப்பெயர் வாங்கி வைத்துள்ள மன்றத்தார் முதற்கண் தம் வழங்கியில் அப்புதுநெறியை இயக்குக. மாற்றுப்பெயர்க் கோப்பைத் திறந்து, முதல் வரியைத் தமிழில் எழுதிக் காட்டுக.