ஆகாச ஸங்கீதம்

பியானோவிலே கமகம் பேசாது, ஆகையால் அது நமக்கு ஆகாது என்று வகுப்பில்கூடச் சாதித்து வந்தோம். சென்ற வாரம் அந்தப் பிடிவாதம் சற்றே தளர்ந்தது.

மதுரையின் விளக்கொளியில் நக்ஷத்திரம் ஏது? மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, அமெரிக்கரான ஜார்ஜ் கிரம் 1972-ல் இயற்றிய 'மாக்ரோகாஸ்மாஸ்' முதற் பாகத்தின் இசைப்பதிவைக் கேட்டோம். ஒரே பியானோ, பன்னிரண்டு உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ராசி. வாசிப்பவர் கட்டைகளோடு நிற்பதில்லை. பெட்டிக்குள் கைவிட்டுத் தந்திகளை மீட்டுகிறார், நமது வீணையைப் போல! கடைசி உருப்படிக்கு ஸ்வரக் குறிப்பையே நக்ஷத்திர மண்டலம்போல் சுருளாக வரைந்திருக்கிறார் கிரம்.

கமகம் உண்டா என்றால், நாம் அறிந்த கமகம் இல்லைதான். ஆனால் ஒரு நாதம் தேய்ந்து அடுத்தது பிறக்குமுன் வரும் மௌனம் இருக்கிறதே! தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

"முடிந்துவிட்டதா, ஸார்?" என்றான் உடன் வந்த மாணவன்.

நாம் பதில் சொல்வதற்குள் அடுத்த நாதம் எழுந்தது.