பட்டம் கிடைத்தாயிற்று, அடுத்த படி என்ன?

தோட்டத்துப் பிள்ளை பட்டம் பெற்று வந்தால் அந்தச் சந்தோஷம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை, லயமே கொண்டாடுகிறது. "இனி நம்ம பிள்ளை டீச்சர்தான்" என்கிறோம். ஆனால் பட்டம் மட்டும் ஒருவரை முழுத் தகைமையுள்ள ஆசிரியர் ஆக்குவதில்லை. இது தெரியாமல் எங்கள் பிள்ளைகள் பலர் வருடங்களை இழக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பட்டத்துக்குப் பிறகு பி.எட். படித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் சித்தியடைய வேண்டும். இலங்கையில் அப்படியொரு தனி அனுமதிப்பத்திரம் கிடையாது. இங்கே அந்த இடத்தில் இருப்பது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. 2014ஆம் ஆண்டின் இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி, பட்டத்தோடு மட்டும் வருபவர் 3-1(அ) தரத்தில் சேர்கிறார். 2-2 தரத்துக்கு உயர கல்வியியல் தகைமை வேண்டும். அது இல்லாதவரின் பதவி உயர்வும் சம்பள உயர்வும் தாமதமாகும்.

இது சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல. பிள்ளையின் மனதை அறிவது, பாடத்தைத் திட்டமிடுவது, பரீட்சித்துப் பார்ப்பது, வகுப்பறையில் நின்று கற்பித்துப் பழகுவது எல்லாம் இந்த டிப்ளோமாவில்தான் உண்டு. கணிதத்தில் பட்டம் பெற்றவருக்குக் கணிதம் தெரியும். கணக்கென்றாலே பயந்து ஒதுங்கும் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பது வேறு கல்வி.

1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். முப்பது வருடம் பிந்தித் தொடங்கிய ஓட்டம் இது. அந்த இடைவெளியை நிரப்ப எங்கள் பாடசாலைகளுக்கு வேண்டியது, எங்கள் பிள்ளைகளை அறிந்த, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள்.

இன்று எங்கள் பட்டதாரிகள் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பாடசாலைகளில் இருக்கிறார்கள். வகுப்பெடுக்கிறார்கள், ஆனால் ஆசிரியர் சேவையில் இல்லை. அவர்களின் நியாயமான கோரிக்கைக்கு நாம் துணை நிற்க வேண்டும். அதே வேளை, நியமனம் வரட்டும் என்று படிப்பை ஒத்திவைக்கவும் கூடாது.

திறந்த பல்கலைக்கழகமும் மகரகம தேசிய கல்வி நிறுவகமும் இந்த டிப்ளோமாவைத் தமிழ் மொழியில் நடத்துகின்றன. பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் இப்பாடநெறி உண்டு. ஆனால் கம்மடுவயிலிருந்தோ கந்தேநுவரவிலிருந்தோ வார இறுதியில் கண்டிக்குப் போய் வருவது லேசான காரியமல்ல. பஸ் காசு, கட்டணம், தங்குமிடம் எல்லாம் கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. மாத்தளை நகரில் தமிழ் மொழிமூல வார இறுதி வகுப்பு வேண்டும். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கட்டணத்தைத் தவணையில் செலுத்த வசதி வேண்டும். பாடசாலைகளில் வேலை செய்யும் பட்டதாரிகளுக்குக் கற்பித்தற் பயிற்சிக் காலத்தில் விடுமுறை வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விண்ணப்பம் கோரும் வரை காத்திராமல் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். வர்த்தமானியையும் மாகாண சபையின் அறிவித்தல்களையும் தவறாமல் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முடிவுத் திகதி போனால் வயதெல்லையும் போய்விடலாம். பெண் பிள்ளை என்றால், "பட்டம் போதும், கல்யாணத்தைப் பார்ப்போம்" என்று அவசரப்படாதீர்கள். இன்னும் ஓரிரு வருடம் பொறுத்தால் அவள் வாழ்நாள் முழுவதும் சொந்தக் காலில் நிற்பாள்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, உங்கள் தோட்டத்தில் எத்தனை பட்டதாரிகள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் கல்வி டிப்ளோமா இல்லை என்று பட்டியல் எடுங்கள். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள். கையில் பெயர்ப் பட்டியல் இருந்தால்தான் கல்வித் திணைக்களத்திடம் நாம் அழுத்திப் பேச முடியும்.