காதலுக்குச் சோறு போட்டவர்கள்

இந்த இதழுக்குக் காதல் கதைகள் கேட்டிருந்தோம். நிறையவே வந்தன. விரும்பிப் படித்தோம், சிலவற்றை இந்த இதழிலேயே வெளியிட்டிருக்கிறோம். ஆனால் படிக்கப் படிக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் கதைகளில் காதலர்கள் காபிக் கடையில் சந்திக்கிறார்கள், பீட்சாவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், மழைக்கு ஒதுங்கிப் பஜ்ஜி தின்கிறார்கள். யாரும் வீட்டில் சாப்பிடுவதில்லை. தப்பித்தவறி வீட்டுச் சாப்பாடு வந்தாலும் ‘பாட்டியின் கைமணம்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. என்ன குழம்பு, யார் வைத்தார்கள், யாருக்கு முதலில் இலை போட்டார்கள், எல்லாரும் எழுந்த பிறகு மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டது யார் என்ற விவரம் எதுவும் இல்லை.

தமிழில் காதலை எழுதுகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. நம் அகப்பாடல்கள் அடுப்படிப் பக்கம் போகத் தயங்கியதே இல்லை.

கூடலூர் கிழாரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்று, 167ஆவது, பலருக்கும் தெரிந்ததுதான். புதுக்குடித்தனம் நடத்தும் பெண் கட்டித்தயிரை விரலால் பிசைகிறாள். கையை உடுத்தியிருக்கும் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதை மாற்றக்கூட நேரமில்லை. தாளிக்கிற புகை மையிட்ட கண்ணில் ஏறுகிறது. தானே கிளறித் துழாவி ஆக்கிய அந்தப் புளிக்குழம்பை (இன்றைய மோர்க்குழம்பின் மூதாதை என்று வைத்துக்கொள்ளலாம்) கணவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம், தெரிந்தும் தெரியாமலும். மொத்தம் ஆறே அடி.

இந்தப் பாட்டைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சந்தோஷத்தோடு நின்றுவிடுகிறார்கள். இதைச் சொல்வது யார் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. சொல்பவள் செவிலித்தாய். மகள் குடித்தனம் நடத்தும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். அதாவது அந்தப் பெண்ணுக்கு இத்தனை வருஷம் ஊட்டி வளர்த்த ஒருத்தி, அதே போல் வளர்த்த இன்னொருத்தியிடம், ‘நம் பெண் இன்று ஒருவனுக்குச் சோறு போடுகிறாள்’ என்று சொல்கிற பாட்டு இது. தொடுதல், தழுவல் எதுவும் இதில் இல்லை. சேலையில் துடைத்த தயிர்க்கறைதான் இருக்கிறது. வளர்த்தவள் கண்ணுக்குத்தான் அந்தக் கறை தெரியும், அவளுக்குத்தான் அதன் பொருளும் தெரியும்.

நற்றிணை 110இல் போதனார் இதையே வேறு பக்கத்திலிருந்து எழுதுகிறார். தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, அடிப்பது போலச் சிறு கோலையும் ஓங்கிக்கொண்டு செவிலியர் துரத்த, முத்துப் பரல் போட்ட சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்குள் ஓடி, குடிக்கமாட்டேன் என்று போக்குக் காட்டிய குழந்தை இந்தப் பாட்டின் தலைவி. இன்று கணவன் வீடு நொடித்துப்போயிருக்கிறது. ஒரு வேளை விட்டு ஒரு வேளை சாப்பிடுகிறாள், ஆனாலும் அப்பா வீட்டின் செழிப்பான சோற்றை நினைத்தும் பார்ப்பதில்லை. ஐங்குறுநூறு 203இல் கபிலரின் தலைவி இன்னும் ஒரு படி மேலே போகிறாள். உடன்போய்விட்டுத் திரும்பி வந்தவள், அந்த ஊரில் எப்படித்தான் தண்ணீர் குடித்தாயோ என்று கேட்ட தோழியிடம், நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட அவர் நாட்டில் மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் தண்ணீர் இனிக்கிறது என்கிறாள்.

பின்னிரண்டு பாட்டிலும் காதலை அளக்கிற படி தாய்வீட்டுச் சாப்பாடுதான். அதை விட்டுவிட்டு வந்ததால்தான் மானின் எச்சில் தண்ணீருக்கு இனிப்பு வருகிறது. தாய்வீட்டில் என்ன சாப்பிட்டாள் என்று நமக்குக் காட்டாமல் இதைக் கபிலராலும் சொல்லியிருக்க முடியாது. காதல் கதைக்குள் சாப்பாடு வந்ததும் குடும்பம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு பேர் கதை அதோடு மூன்றாவது ஆளின் கதையும் ஆகிவிடுகிறது, அந்த மூன்றாவது ஆள் சோறு போட்டவர். அவரை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தத் தலையங்கம்.

1989இல் மெக்சிகோவில் லாரா எஸ்கிவெல் எழுதிய ‘கோமோ அகுவா பாரா சோகோலாத்தே’ உலகமெங்கும் வாசிக்கப்பட்டது, மூன்று வருஷத்தில் படமாகவும் வந்தது. அந்த நாவலில் மாதத்துக்கு ஓர் அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒரு சமையல் குறிப்பு. ரோஜா இதழ் போட்டுச் சமைத்த காடைக் கறியும் அதைச் சாப்பிட்டவர்கள் உடம்பில் பற்றிக்கொள்ளும் ஆசையும்தான் எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த வீட்டின் சட்டம். கடைசிப் பெண் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, தாய் சாகும்வரை கூட இருந்து பணிவிடை செய்ய வேண்டும். அந்தக் கடைசிப் பெண்ணான தீத்தா சமையலறையில் அடைபட்டதற்குக் காரணமான குடும்ப வழக்கமும் அவள் கைக்கு வந்த குடும்பச் சமையலும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. பேசவிடாமல் செய்யப்பட்டவள் பேசிய மொழிதான் அந்தக் காடைக் கறி. சட்டத்தை எடுத்துவிட்டுக் கறியை மட்டும் வைத்திருந்தால் அது நல்ல சமையல் புத்தகமாகியிருக்கும், அவ்வளவுதான். அங்கும் கதை சொல்பவள் காதலி இல்லை. தீத்தாவின் சமையல் புத்தகம் வந்து சேர்ந்த, அவளுக்குப் பேத்தி முறையாகும் பெண். நம் செவிலியின் நினைவு வராமல் அதைப் படிக்க முடியவில்லை.

நம்மிடம் இப்படிப்பட்ட கதைகளுக்குச் சரக்கு இல்லாமலா போயிற்று? திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குச் சொதி வைப்பார்கள். தேங்காயைத் துருவி அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்துகொள்ள வேண்டும். காய்கள் தண்ணியான பாலில் வேகும். வேகவைத்த பாசிப்பருப்பும் சேரும். கெட்டியான முதல் பாலை ஊற்றுவது கடைசியில்தான். ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் திரிந்துபோகும், நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கிய பிறகே. தேங்காய்ப் பால் வயிற்றில் கனக்கும் என்பதால் பக்கத்தில் இஞ்சிப் பச்சடி கட்டாயம்.

வேறு சாதியிலிருந்து காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு இப்படியொரு வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மறுவீட்டு விருந்து நடக்கவில்லை, அவளுடைய வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஒரு நாள் அவளே சொதி வைக்கிறாள். முதல் பாலைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். மாமியார் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘இப்ப ஊத்து’ என்று சொல்வாரா, திரியட்டும் என்று சும்மா நிற்பாரா? அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஒரு சிறுகதை முழுக்க அடங்கிவிடும். மகன் அந்த அறையிலேயே இருக்க வேண்டியதில்லை. ஆனால் பால் எப்போது திரியும் என்று தெரிந்தவரால்தான் அந்தக் கதையை எழுத முடியும்.

மருமகள், மாமியார், அடுப்படி என்கிற இந்த வரிசையும் எல்லாருக்கும் பொது இல்லை. காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறார். பழகாத அடுப்படியின் ருசிக்கு நாக்கைப் பழக்கிக்கொள்ள வேண்டியவர் அங்கே ஆண். விருந்துகளில் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து உண்கிற வழக்கமும் அந்த ஊரில் உண்டு. ஒரே தட்டில் யார் கை எவ்வளவு தூரம் நீளும், நல்ல துண்டை யார் யார் பக்கம் நகர்த்திவைப்பார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்து வளர்ந்த ஓர் எழுத்தாளர் எழுதினால், தமிழ்க் காதல் கதையின் அமைப்பே மாறும். அந்தக் கதைக்காகக் காத்திருக்கிறோம்.

நம் பத்திரிகைத் தொடர்கதைகள் வெகுகாலம் ஒரே வகையான சமையலறையைத்தான் தமிழ்ச் சமையலறை என்று காட்டிவந்தன. டவரா டம்ளரில் நுரைத்த காபி, வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், பெண் பார்க்க வந்தால் சொஜ்ஜி பஜ்ஜி. 1951இல் வந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ கல்யாணப் பெண்களுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட புத்தகம், கடல் கடந்து போன பெண்களுக்குத் துணையாகவும் இருந்திருக்கிறது. அதன் அருமையில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒரு சமூகத்தின் கைப்பக்குவம். கதைகள் அந்தப் பக்குவத்தை மட்டுமே காதலுக்கு ஏற்ற வாசனையாக ஆக்கிவைத்தன. கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வீட்டிலும் காதல் உண்டு. கம்மங்கூழைக் கரைத்துத் தூக்குவாளியில் ஊற்றிக் காட்டுக்குக் கொண்டுபோகிறவளுக்கும் காதல் உண்டு. சைவம் மட்டும் என்று சொல்லிச் சென்னையில் வீடு தர மறுக்கும்போது, அந்த வாசலில் நிற்கிற இளம் ஜோடி ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? அவர்களில் ஒருவர் மட்டும் சைவமாக இருந்தால்?

சாப்பாடு வேலியும்தான். சம்பந்தம் பேசி முடிகிறவரை பெண் வீட்டில் கைநனைக்காமல் எழுந்து போகிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. ‘அவங்க வீட்ல நாங்க கைநனைக்க மாட்டோம்’ என்று ஒரு குடும்பம் சொன்னால், காரணம் கேட்காமலே எல்லாருக்கும் புரிந்துவிடும். சாதி நம் காதல் கதைகளின் பெரிய வில்லன் என்று எல்லாரும் எழுதுகிறோம். அந்த வில்லன் அரிவாளோடு வருவதற்குப் பல வருஷம் முன்பே தனி டம்ளரோடும் திண்ணையில் போட்ட இலையோடும் வந்துவிட்டான். அரிவாளை எழுதிய அளவுக்கு டம்ளரை நாம் எழுதவில்லை.

சமையலறையைக் காதலின் கோயிலாக்கிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைப் படித்த பிறகும் அப்படி எழுதுகிறவரை எங்களால் ஏற்க முடியவில்லை. ராஜஸ்தானத்துப் பெரிய வீடு ஒன்றில், மூலையில் ஒதுக்கப்பட்ட அந்த அறைக்குள்ளேயே பெண்களின் ஆயுள் கரைவதை அந்தக் கதை பதைபதைக்கக் காட்டுகிறது. கணவன் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே மனைவி சாப்பிடுவதை அன்பு என்று எழுதிய காலம் ஒன்று இருந்தது. அது அடிமைத்தனம் என்று எழுதுகிற காலம் இது. அந்த இலையில் அவளுக்காக அவன் ஒதுக்கிவைத்த ஒரு துண்டு மீனும் இருந்திருக்கலாம். அவன் வைத்தது உண்மையான பிரியம். அவள் பசியோடு காத்திருந்ததும் உண்மை. ஒன்றை எழுத இன்னொன்றை மறைக்காத எழுத்தைத்தான் நல்ல எழுத்து என்று நம்புகிறோம்.

அடுத்த இதழுக்கும் காதல் கதைகளையே கேட்கிறோம். எழுதத் தொடங்குவதற்கு முன் உங்கள் வீட்டில் சமைக்கிறவரோடு ஒரு நாள் அடுப்படியில் நில்லுங்கள். அது அம்மாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், மனைவியை இழந்த பிறகு சமைக்கப் பழகிய அப்பாவாகவும் இருக்கலாம். கல்யாணமான புதிதில் முதலில் என்ன சமைத்தார், யார் அதைச் சாப்பிட மறுத்தார்கள், யார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். கதைக்குள் அளவும் பக்குவமும் பத்தி பத்தியாக வந்தாலும் பக்கக் கணக்கைப் பார்த்து நாங்கள் வெட்டமாட்டோம். சொதிக்கு மூன்று பாலும் பிழிந்து முடிகிறவரை எங்கள் வாசகர்கள் காத்திருப்பார்கள்.