ஏறுவதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை

சென்ற குளிர்காலத்தில் ஓர் ஞாயிறு இரவு, கனடாவின் கல்கரி நகரில் வாழும் என் தமக்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, என்ர பைக் மலையில ஏறுதில்லை. டேர்போ பூட்டலாமெண்டு யோசிக்கிறன்" என்றான். மோட்டார் சைக்கிளில் முன்சில்லைக் கழற்றிவிட்டு ஒரு சறுக்குப் பலகையையும், பின்சில்லைக் கழற்றிவிட்டு டிராக் எனப்படும் நீண்ட ரப்பர் பட்டியையும் பூட்டி, பனி மலைகளில் ஓட்டுகிறார்கள். அதற்கான பாகங்கள் ஒரு தொகுதியாகவே கடைகளில் கிடைக்கின்றன. அப்படியொரு தொகுதியைப் பழையதாக வாங்கித் தனது 450 சிசி மோட்டார் சைக்கிளில் பொருத்தியிருந்தான்.

நான் கலைப்பட்டதாரி. இயந்திரவியல் என் துறையன்று. எனினும் எதையும் கேட்டறிந்து எழுதும் தொழிலில் மூன்று தசாப்தங்களைக் கழித்தவனுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் விட்டுப்போவதில்லை. அடுத்த சில வாரங்கள் இதைப் பற்றியே வாசித்தேன். விடயம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். அதன் முடிவில் எனக்கு ஏற்பட்ட கருத்தையே இங்கு பதிவு செய்கிறேன்.

இந்த விளையாட்டு மிகப் பழையதன்று. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சான்ட்பொயின்ற் என்ற சிறு நகரில் இயங்கிய டிம்பர்ஸ்லெட் நிறுவனமே இத்தகைய தொகுதிகளைப் பரவலாக்கியது. 2015ஆம் ஆண்டு பொலாரிஸ் என்ற பெருநிறுவனம் அதை வாங்கியது. 2017இல் அஸ்பென் நகரில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் பனி பைக் பந்தயமும் இடம்பெற்றது. அதன் பின்னர் இந்தத் தொகுதிகளை மாற்றியமைப்பதே தனியொரு கலையாகவும் வணிகமாகவும் வளர்ந்துவிட்டது. வாங்கிய நாள் முதல் எதையாவது கழற்றி, எதையாவது பூட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

பூட்டுவதில் பிழையில்லை. பூட்டும் ஒழுங்கில்தான் பிழை இருக்கிறது என்பது என் எண்ணம். பைக் ஏறவில்லை என்றவுடன் வலு போதாது என்று முடிவு செய்கிறோம். ஏன் ஏறவில்லை என்று கேட்பதில்லை.

வலு குறைவது உண்மைதான். கடல்மட்டத்திலிருந்து உயரும் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் சாதாரண எஞ்சின் தன் வலுவில் ஏறக்குறைய 3 வீதத்தை இழக்கிறது. 2000 மீற்றர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஐம்பது குதிரைவலுவுக்குச் சற்று மேலுள்ள எஞ்சினில் பத்து குதிரைவலு காற்றோடு போய்விட்டது என்று பொருள். ஆனால் மிஞ்சிய நாற்பதும் பனியைச் சென்றடைகிறதா? அங்குதான் வீட்டுக் கராஜிலேயே, அதிகம் செலவின்றிச் செய்யக்கூடிய வேலைகள் தொடங்குகின்றன.

முதலாவது, ரப்பர் பட்டியின் இறுக்கம். அளவுக்கு மேல் இறுகியிருந்தால் பட்டியைச் சுழற்றுவதிலேயே வலு வீணாகும். தாங்கிகளும் விரைவில் தேயும். அளவுக்கு மேல் தளர்ந்திருந்தால், பட்டியை ஓட்டும் பற்சில்லு பிடியை விட்டு நழுவும். இரண்டாவது, எஞ்சினிலிருந்து சங்கிலியை இழுக்கும் முன் பற்சில்லு. 13 பற்களுள்ளதற்குப் பதிலாக 12 பற்களுள்ளதைப் பொருத்தினால் இழுவிசை ஏறக்குறைய 8 வீதம் கூடுகிறது. உச்ச வேகம் ஏறத்தாழ அதே அளவு குறையும். ஆழ்ந்த பனியில் உச்ச வேகம் யாருக்கு வேண்டும்? மூன்றாவது, பட்டியின் உள்ளே இருக்கும் லிமிட்டர் ஸ்ட்ராப் என்ற வார். அது அதிகம் நீண்டிருந்தால் ஏற்றத்தில் முன்பக்கம் மேலே தூக்கும். பின்பக்கம் பனியைத் தோண்டிக்கொண்டு கீழே புதையும். அதைச் சற்றுக் குறுக்கினால் பாரம் முன்னே வந்து, பட்டி முழு நீளத்துக்கும் பனியின்மேல் படியும். பட்டியின் நீளம் பொதுவாக 120 அங்குலத்திலிருந்து 137 அங்குலம் வரை இருக்கும். நீண்டது மிதக்கும், குறுகியது இலகுவாகத் திரும்பும். எந்த நீளமாயினும், அதன் முழுப் பரப்பும் பனியில் படியாவிட்டால் பயனில்லை.

இன்னொரு விடயம் எனக்கு வியப்பாக இருந்தது. இந்த எஞ்சின்களுக்குப் பனியில் வரும் சிக்கல் பெரும்பாலும் சூடு அன்று, குளிர். கோடையில் பந்தயத்துக்கென வடிவமைக்கப்பட்ட ரேடியேற்றர்கள் பனித்தூள் படிந்ததும் எஞ்சினை அளவுக்கு மீறிக் குளிரவைத்துவிடுகின்றன. குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் முழுமையாக எரிவதில்லை. எரியாத எரிபொருளும் நீராவியும் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்கின்றன. ஆகவே தெர்மோஸ்டாற் ஒன்றும், எஞ்சினைச் சுற்றிப் போர்த்தும் துணி உறையும், காற்று உள்ளே போகும் வழியில் பனி அடைக்காதபடி ஒரு மேல்வடியும் தேவைப்படுகின்றன. இவை எவரும் படம்பிடித்துப் பெருமையாகக் காட்டும் பாகங்கள் அல்ல. ஆனால் மலையுச்சியில் எஞ்சின் நின்றுவிடாமல் காப்பவை இவைதான்.

இத்தனையும் செய்த பின்னர் டேர்போ பூட்டுபவரை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அதன் விலையை அறிந்து பூட்ட வேண்டும். எரிபொருள் அளவீட்டை முழுமையாக மாற்ற வேண்டும். கிளட்ச், கியர்பெட்டி, சங்கிலி என ஒவ்வொன்றும் தான் தாங்கவென்று செய்யப்படாத சுமையைத் தாங்க நேரிடும். பந்தய மோட்டார் சைக்கிள்களின் பராமரிப்பு கிலோமீற்றரில் அன்று, மணிக்கணக்கில் கணக்கிடப்படுவது. கூடுதல் வலு அந்த மணிகளை மேலும் குறைக்கும். வீதியிலிருந்து இருபது கிலோமீற்றர் உள்ளே, மாலை நான்கு மணிக்குச் சங்கிலி அறுந்தால், அந்த வலுவால் என்ன பயன்? திரும்பி வருவதும் செயற்திறனில் அடங்கும்.

இவ்விடத்தில் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியரை நினைவுகூர வேண்டும். கியூபெக் மாகாணத்தின் வல்கோர்ட் கிராமத்தில் கராஜ் நடத்தியவர். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் கடும் வயிற்று நோயால் துடித்தான். வீதிகளைப் பனி மூடியிருந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. குழந்தை இறந்தது. பனியில் ஓடும் வாகனத்துக்காக ஏற்கனவே உழைத்துக்கொண்டிருந்த அத்தந்தை பின்னரும் அவ்வுழைப்பைக் கைவிடவில்லை. 1937இல், பற்சில்லால் சுழலும் பட்டி முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பனியில் ஓடும் ஸ்னோமொபைல்களும், என் மருமகனின் பைக்கும் அந்த வழித்தோன்றல்களே. மனிதரை உயிரோடு கொண்டுசேர்ப்பதற்காகப் பிறந்த பட்டி அது.

அதே பட்டி இன்று மனிதரை எங்கே கொண்டுசேர்க்கிறது? பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையான சாய்வுகளில் நிகழ்கின்றன. வலுக் குறைந்த வண்டி அந்தச் சாய்வின் அடியிலேயே புதைந்து நின்றுவிடும். வலுக் கூடிய வண்டி அதன் நடுவயிற்றுக்கு ஏறிவிடும். 2008 டிசம்பர் 28ஆம் திகதி பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி நகரை அண்டிய மலைகளில், ஸ்னோமொபைல் ஓட்டச் சென்ற பதினொரு பேரில் எட்டுப் பேரைப் பனிச்சரிவு கொண்டுபோனது. 2010 மார்ச் 13இல் அதே மாகாணத்தின் ரெவெல்ஸ்டோக் அருகே, மலையேற்ற ஓட்டத்தைக் காணத் திரண்ட கூட்டத்தின்மேல் பனி சரிந்து இருவர் இறந்தனர். இவர்களில் எவரும் இயந்திரம் பழுதானதால் இறக்கவில்லை.

புதையுண்டவரை முதல் பத்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார். அரைமணி நேரம் கடந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. உதவிக்கு ஹெலிகொப்டர் வரும்வரை காத்திருக்க இயலாது. பக்கத்தில் நிற்கும் நண்பனே காப்பாற்ற வேண்டும். அதற்கு ஒவ்வொருவர் உடலிலும் ட்ரான்ஸீவர் கருவியும், முதுகுப் பையில் துழாவு கோலும் மண்வெட்டியும் இருக்க வேண்டும். அவற்றைக் கையாளவும் தெரிந்திருக்க வேண்டும். அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு குளிர்காலம் முழுவதும் நாளாந்தம் அபாய அறிவித்தல்களை இலவசமாக வெளியிடுகிறது. ஆரம்பப் பயிற்சிக்கு ஒரு வார இறுதி போதும். டேர்போவுக்கான பணத்தில் சிறு பகுதி போதும்.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால் இதுதான்: முதலில் உள்ளதைச் சரிசெய், பிறகு குளிரிலிருந்து எஞ்சினைக் காப்பாற்று, பிறகு மலையைப் படி, கடைசியில் வேண்டுமானால் வலுவைக் கூட்டு. எமது இளைஞர்கள் இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விற்பனையாளர்களின் காணொளிகளும் அவர்களைத் தலைகீழாகவே செய்யத் தூண்டுகின்றன.

மருமகன் பற்சில்லை மாற்றினான். வாரைக் குறுக்கினான். தெர்மோஸ்டாற் பூட்டினான். தாய் அழுததனாலோ, நான் நச்சரித்ததனாலோ, நண்பர் இருவரையும் அழைத்துக்கொண்டு பனிச்சரிவுப் பயிற்சிக்கும் போனான். பெப்ரவரி இறுதியில் மீண்டும் அழைத்தான். "இந்த முறை ஏறினியா தம்பி?" என்று கேட்டேன். பைக் நன்றாக இழுத்ததாம். ஆனால் அன்று காலை அறிவித்தலில் அபாயம் அதிகம் என்றிருந்ததால், மேலே போகாமல் அடிவாரக் காட்டுக்குள் மாலைவரை ஓட்டிவிட்டு வீடு திரும்பினார்களாம்.

டேர்போவைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.