இறுக்கிக் கட்டினால் எலும்பு கூடுமா?

ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்தி வைத்துவிடுவார்கள் என்று பயந்து, கை உடைந்தவரைத் தூக்கிக்கொண்டு ஆந்திராவிலிருக்கும் புத்தூருக்கு ஓடுகிறது ஒரு கூட்டம். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குச் சென்னையிலேயே 'புத்தூர் கட்டு' போர்டுகள் தொங்குகின்றன.

மக்களே, கத்தியில்லா வைத்தியம் என்ன கட்டுக்காரர்களின் தனிச்சொத்தா? 1850களில் டச்சு ராணுவ மருத்துவர் மத்தைசன் கொண்டுவந்த மாவுக்கட்டிலும் கத்தி கிடையாதே! காறை எலும்பு உடைந்தால், பெரும்பாலும் கையைக் கழுத்தோடு தொங்கவிட்டாலே கூடிவிடும். விலகாத எலும்பு அசையாமல் இருந்தால் தானே ஒட்டிக்கொள்ளும்; கிரெடிட் மட்டும் பச்சிலைக்கும் முட்டை வெள்ளைக்கும்.

வம்பே மூங்கில் பத்தை வைத்து இறுக்குவதில்தான். உடைந்த இடம் வீங்கும், கட்டு விரியாது, ரத்த ஓட்டம் நிற்கும். சில மணி நேரத்தில் தசை சாக ஆரம்பித்துவிடும். விரல் நீலம் பாரித்துக் கதறும் பிள்ளையிடம் "வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்பதெல்லாம் ஒரு வைத்தியமா? இறுக்கிய கட்டினால் கை சுருங்கி மடங்கிப்போவதை ஜெர்மன் டாக்டர் வோல்க்மன் 1881லேயே எழுதிவிட்டார்.

நுழைந்தவுடன் பில்லை நீட்டும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இந்தப் பயத்தில் பங்குண்டு. (அது தனிப் பதிவுக்கான புலம்பல்!) ஆனால் அரசு ஆஸ்பத்திரியிலும் மாவுக்கட்டு போடுகிறார்களே, அங்கே வரிசையில் நிற்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை.