மணியைத் தூங்க வைக்கவில்லை

மணி போய் இன்றோடு பதினான்கு நாட்கள். இந்த இரண்டு வாரங்களில் என்னிடம் துக்கம் விசாரித்த நண்பர்கள், சென்னையில் இருப்பவர்களானாலும் பெங்களூரில் இருப்பவர்களானாலும், ஏறத்தாழ ஒரே தொடரையே பயன்படுத்தினார்கள்: "தூங்க வைத்துவிட்டீர்களாமே." கல்பாத்தியில் எங்கள் தெருவில் மட்டும் பேச்சு வேறுவிதமாக இருந்தது. எதிர்வீட்டு மாமி, கையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றபடி, "ஊசி குத்திக் கொன்னுட்டேளாமே, பாவம் அது" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. பத்தாண்டுகளாக மிஞ்சிய தயிர்சாதத்தை மணிக்கென்று எடுத்து வைத்தவர் அவர். இரண்டு தொடர்களில் எது என்னை அதிகம் வருத்தியது என்று பிறகு யோசித்தேன். மாமி சொன்னது அல்ல.

இதை ஏன் பொதுவில் எழுத வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் வளர்ப்புப் பிராணியை இந்த வகையில் இழந்தவர்கள் தம் வீட்டுக்குள்ளேயே குற்றவுணர்வோடு சுருண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குற்றவுணர்வில் கணிசமான பங்கு, நாம் கையாளும் சொற்களால் விளைகிறது என்று கருதுகிறேன். மொழியியல் படித்த பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மணிக்குப் பதின்மூன்று வயது. நாட்டு நாய். சிறுநீரகங்கள் செயலிழந்து, கடைசி இரு மாதங்கள் தோலுக்கடியில் ஏற்றிய திரவத்தில் காலம் தள்ளியது. பிறகு வாயில் புண், ஓயாத வாந்தி. தண்ணீர்க் கிண்ணத்தின் முன் நின்று, குடிக்காமல், அதையே பார்த்துக்கொண்டிருக்கும். இறுதி வாரத்தில் மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்த்து, இனி நாங்கள் நீட்டிப்பது மணியின் வாழ்வை அல்ல, எங்கள் தயக்கத்தை என்று நேரடியாகச் சொன்னார். மூன்று நாள் அவகாசம் கேட்டோம். அந்த மூன்று நாட்களுக்காகத்தான் இன்று வருந்துகிறேன், ஊசிக்காக அல்ல.

இனி சொற்களுக்கு வருகிறேன். தமிழில் இச்செயலுக்கு எழுத்து வழக்கில் உள்ள சொல் கருணைக்கொலை. கருணை அடைமொழி, கொலை பெயர்; தொடரின் எடை முழுவதும் பின்னதில்தான் இறங்குகிறது. எங்களூரில் தெருவுக்கு வெளியே காலடி வைத்தால் கேட்கும் மலையாளத்தில் இது தயாவதம். கம்சவதம், சூரவதம் என்று அசுரர்களுக்கு உரிய சொல். மரண தண்டனையையும் மலையாளத்தில் வதசிட்சை என்றே சொல்கிறார்கள். 2025 ஜூலையில், நோயுற்ற தெருநாய்களைக் கொல்ல அனுமதிப்பதாகக் கேரள அரசு அறிவித்தபோது இங்குள்ள செய்திகளெல்லாம் தயாவதம் என்றே எழுதின. அந்நாய்களை விரும்பியவர்களுக்கும் வெறுத்தவர்களுக்கும் அதே சொல்தான். கன்னடம் தயாமரணம் என்கிறது, தெலுங்கு காருண்ய மரணம் என்கிறது. கொன்றவரை இவ்விரண்டும் மெல்ல மறைத்துவிட்டு, இறந்ததை மட்டும் சொல்கின்றன. இந்திச் செய்திகளில் பரவலாக வழங்கும் இச்சா மிருத்யு, விரும்பி ஏற்கும் சாவு. பீஷ்மருக்குப் பொருந்தும், மணிக்கு எப்படிப் பொருந்தும்? மணி எதையும் விரும்பிக் கேட்கவில்லை. கேட்கவும் இயலாது. இச்செயலின் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

சட்டத்தின் மொழி வேறு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், கொடுமைக்கு உள்ளாகி, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் நிலையை அடைந்த விலங்கைப் பற்றி 13ஆம் பிரிவில் பேசுகிறது. அங்குள்ள வினை 'அழித்தல்'. கட்டடத்தையும் கோப்பையும் அழிப்பதுபோல. ஆனால் அதே சட்டத்தின் கீழ் 2001இல் வந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளில் எதிர்பாராத ஓர் ஈரமான வரி இருந்தது: எந்த நாயையும் இன்னொரு நாயின் முன்னிலையில் இவ்வாறு கொல்லலாகாது. அதை எழுதிய அலுவலர் யாரோ, நாய் வளர்த்தவராக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறேன்.

"தூங்க வைத்தல்" இவை எல்லாவற்றையும்விட மென்மையானது, அதனால்தான் பரவியது. ஆங்கிலத் தொடரின் நேர்நிழல் அது. உடனே ஒருவர் மறுக்கலாம்: உறக்கத்தைச் சாவுக்கு உருவகமாக்குவது தமிழுக்குப் புதிதா என்ன? இல்லைதான். புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகளில் அரசர்கள் தாம் இறந்த இடத்தால் அறியப்படுகிறார்கள்: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன். துஞ்சுதல் உறக்கமும் ஆகும், சாவும் ஆகும். 339ஆம் குறளும் சாவை உறக்கத்தோடு ஒப்பிடுகிறது. நன்னூல் உரையாசிரியர்கள் மங்கல வழக்குக்கு முதல் எடுத்துக்காட்டாகக் காட்டுவதே செத்தாரைத் துஞ்சினார் என்பதைத்தான்.

ஆனால் கவனியுங்கள். துஞ்சினார் என்பது தன்வினை. கிள்ளிவளவனை யாரும் துஞ்ச வைக்கவில்லை. நம் மங்கல வழக்கு, செத்தவருக்கும் அழுபவருக்கும் ஆறுதல் தருவதற்காக ஏற்பட்டது. செய்தவருக்கு மறைப்பு தருவதற்காக அல்ல. 'வை' என்னும் துணைவினை சேர்ந்தவுடன் பொருள் புரண்டுவிடுகிறது. தமிழில் தூங்க வைப்பவள் தாய். தூளி, தாலாட்டு, விடிந்ததும் எழுந்துவிடும் பிள்ளை என்ற எதிர்பார்ப்பு, இவ்வளவும் அந்த வினைக்குள் இருக்கின்றன. மணியைக் குட்டியாகக் கொண்டுவந்த முதல் வாரம், திண்ணையில் கந்தலைச் சுற்றி நான் உண்மையிலேயே தூங்க வைத்திருக்கிறேன். அதே வினையை அன்றைய செயலுக்கு எப்படித் தருவேன்?

சரி, இது வெறும் சொல்லாராய்ச்சிதானே என்று கேட்பீர்கள். விருதுநகர் வட்டாரத்தில் 2010 வாக்கில் செய்திகளில் அடிபட்ட தலைக்கூத்தல் நினைவிருக்கிறதா? படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் புகட்டி, காய்ச்சலும் சிறுநீரகச் செயலிழப்பும் வரச் செய்வது. பெயர் குளியலின் பெயர். 'தாத்தாவுக்குத் தலைக்கு ஊற்றினோம்' என்ற வாக்கியத்தில் கொலையும் இல்லை, கொன்றவரும் இல்லை, கேட்கப்படாத தாத்தாவும் இல்லை. மணிக்குச் செய்ததையும் தலைக்கூத்தலையும் நான் ஒப்பிடவில்லை. ஒன்று மருத்துவம், மற்றது குற்றம். ஆனால் கேட்க இயலாத ஓர் உயிரின் முடிவை மற்றவர் தீர்மானிக்கும் இடத்தில், இதமான வினைச்சொல் என்னவெல்லாம் செய்யவல்லது என்பதற்குத் தமிழ்நாடு தொலைவில் தேடவேண்டியதில்லை.

இதற்கு மறுதலையாக ஒருவர் நடந்துகொண்டார். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி ஊனமுற்று, புரட்டிப் படுக்கவைக்கவும் முடியாத வேதனையில் கிடந்தது. தேறாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காந்தி ஆசிரமத்தாரோடு விவாதித்தார். உயிரைக் கொடுக்க இயலாதவர்க்கு எடுக்க உரிமை இல்லை என்று மறுத்தவரும் இருந்தார். முடிவில் மருத்துவரை வரவழைத்து நஞ்சூசி போடச் செய்தார். பிறகு அதை மறைக்கவில்லை. தம் இதழ்களில் எழுதினார், கொல்வதும் அகிம்சை ஆகக்கூடிய நேரம் உண்டு என்று வாதிட்டார், கோபக் கடிதங்களை வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய எல்லா முடிவுகளையும் ஏற்பவர் அல்லர் நம்மில் பலர், நானும் அல்லேன். ஆனால் 'கன்று தூங்கிவிட்டது' என்று அவர் எழுதவில்லை. கொன்றேன், இன்ன காரணத்தால், என்று எழுதினார்.

அதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்துச் சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேசுவரி. 42 வயது. எழ முடியாமல் வாரக்கணக்கில் தரையில் கிடந்தது; உடம்பெல்லாம் புண். விலங்கு ஆர்வலர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2018 ஏப்ரலில், கால்நடை மருத்துவர் பரிசோதித்து, உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்று சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் எனச் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. மனிதருக்கு உயிர்காப்புச் சாதனங்களை விலக்கிக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊசி போடப்படுவதற்கு முன்பே, ஏப்ரல் 21 அன்று, யானை தானாக இறந்துவிட்டது.

அச்செய்தியைப் படித்து எங்கள் வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்றோம். தேரைப் பின்னாலிருந்து யானை முட்டித் தள்ளும் ஊர் இது; யானைச் சாவு இங்கே வீட்டுச் சாவு போலத்தான். ஆனால் அந்த அப்பாடா யாருக்கு? கிடந்து தவித்த யானைக்கா, முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து தப்பிய நமக்கா? காசியில் பாதி கல்பாத்தி என்பார்கள். சாவுக்காகக் காத்திருப்பதைப் புண்ணியமாக்கிய நகரத்தின் பாதி. காத்திருக்கும் முதியவர் தாம் காத்திருக்கிறோம் என்று அறிவார். அவருக்கு அதில் பொருள் உண்டு. நாய்க்கு வலி மட்டுமே உண்டு, அதற்கு அப்பால் ஒரு விசுவநாதர் இல்லை. தருமரோடு சொர்க்க வாசல்வரை நடந்த நாயை உதாரணம் காட்டி, கைவிடலாகாது என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அந்த நாய் தருமதேவதை ஐயா. அதற்குச் சிறுநீரகம் கெடவில்லை.

எப்போது என்பதை எப்படி முடிவு செய்வது என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஓர் அளவை உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பூச்சியம் முதல் பத்துவரை மதிப்பெண் இட வேண்டும். கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பராமரிக்கலாம். எண்களை நம்பி உயிரைத் தீர்மானிப்பதா என்று எனக்கும் கூச்சமாக இருந்தது. எனினும் வீட்டில் நால்வரும் தனித்தனியாக எழுதிப் பார்த்தபோது நால்வரின் தாளிலும் இருபதைத் தாண்டவில்லை. அப்பாவின் தாளில்தான் மிகக் குறைவு. அவர்தான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

அன்று என்ன நடக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆகவே சொல்கிறேன். முதல் ஊசி மயக்கத்துக்கு. அது முழுமையாகப் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் மருத்துவர் காத்திருக்கிறாரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. உணர்வோடு இருக்கும் விலங்குக்கு இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் போன்றவற்றை நேரடியாகச் செலுத்துவது ஏற்கத்தக்க முறை அன்று. அடுத்தது, மயக்கமருந்தே மிகை அளவில், நரம்பின் வழியாக. ஓரிரு நிமிடங்களில் மூச்சு நிற்கும், பிறகு இதயம். அதன்பின்னும் ஓரிரு முறை நெஞ்சு விம்மலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். அவை வலி அல்ல. கண்கள் மூடா. எங்கள் மருத்துவர் இதை முன்பே சொல்லியிருந்தார், அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள். தூக்கத்தில் கண் மூடும். மணியின் கண்கள் திறந்தே இருந்தன. என் கை அதன் தலையின்மேல் இருந்தது.

கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைத்தோம். பிறகு ஒன்றுமே இல்லை. தீட்டு இல்லை, பத்து இல்லை, பதின்மூன்று இல்லை. மறுநாள் காலை அம்மா வழக்கம்போல் வாசல் தெளித்தார், நான் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சமூகம் துக்கம் என்று ஏற்காத துக்கத்தைப் பற்றிக் கென்னத் டோக்கா 1989இல் ஒரு நூலே தொகுத்தார். இழந்தவர் இழந்தவராகவே கருதப்படாத நிலை அது. நம் சடங்குகளின் மீது எனக்கு ஆயிரம் கேள்விகள் உண்டு. ஆனால் பதின்மூன்று நாட்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்து, எப்படி நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டு, நம்மைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதில் எவ்வளவு பெரிய உளவியல் இருக்கிறது என்பது, அது கிடைக்காதபோதுதான் புரிந்தது. மாமியின் கேள்வி எனக்கு அதைத் தந்தது. கொன்றுவிட்டீர்களா என்று கேட்டதால் ஏன் என்று சொல்ல வேண்டியிருந்தது; சொல்லச் சொல்ல அழுதேன், கோலப்பொடிக் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு அவரும் அழுதார். 'தூங்க வைத்துவிட்டீர்களாமே' என்பவரிடம் 'ஆமாம்' என்பதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

ஆகவே நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கருணைக்கொலை என்ற சொல் கடினமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 'வலி தாங்கவில்லை, இறக்கச் செய்தோம்' என்று முழு வாக்கியமாகச் சொல்லலாம். எழுவாய் இருக்கட்டும், 'நாம்' என்பது வாக்கியத்தில் இருக்கட்டும். அதில் வரும் உறுத்தல் நோய் அன்று. நம்மை நம்பிய ஓர் உயிரின் சார்பில் முடிவெடுத்ததற்கான சுமை. அதைத் தூக்கக் கூடியவர்கள்தான் நாமெல்லோரும்.

மாமியின் பேத்திக்கு ஆறு வயது. விடுமுறைக்கு வந்திருக்கிறாள். மணி தூங்கிவிட்டது என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று இரவுகளாகத் தூங்க மறுத்து அடம்பிடிக்கிறாள் என்று மாமி சொன்னார். நேற்று மாலை அவளே திண்ணைக்கு வந்து, "மணி எப்போ எழுந்துக்கும்?" என்று கேட்டாள். எழுந்துகொள்ளாது, செத்துப்போயிற்று, உடம்பு ரொம்ப முடியாமல் போனதால் டாக்டரை வரவழைத்து நாங்கள்தான் அப்படிச் செய்யச் சொன்னோம், அது தூக்கம் இல்லை என்றேன். வலித்ததா என்று கேட்டாள். ஊசி குத்தும்போது கொஞ்சம், அப்புறம் இல்லை என்றேன். முருங்கை மரத்தடியைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.